பூவாடைக்காரிக்கு எடுத்த மூன்றாவது சேலை

பந்தலின் முகப்பில் கட்டியிருந்த பெரிய பதாகையில் என் தங்கையின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அகல்விளக்குப் படம் அச்சாகியிருந்தது. எங்கள் வம்சத்தில் காலமானவர்கள் அனைவருக்கும் அப்படி ஒரு விளக்கு. என் தங்கை காலமானவள் அல்லள். அரூரில், மகன் வீட்டில், உயிரோடு இருக்கிறாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த விளக்கு அங்கே வருவதற்குக் காரணம் நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்.

சென்ற ஆண்டு மாசி மாதம், பதினொரு ஆண்டுகள் இடைவெளிக்குப் பிறகு, எங்கள் பங்காளிகள் இருபத்திரண்டு குடும்பத்தாரும் சொந்த ஊரில் கூடிக் குலதெய்வமான அம்மனுக்குப் பொங்கல் வைப்பதென்று முடிவாயிற்று. அரூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் சிறிது தூரம் சென்று இடப்புறம் பிரியும் ஊர். நிலத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பவன் என் தம்பி. ஏற்பாடுகள் அனைத்தையும் பெங்களூரில் கணினி வேலையில் இருக்கும் அவன் மகள் எடுத்துக்கொண்டாள். சமையல், பந்தல், வாகனம் எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து தலைமுறைக்கான வம்சாவளிப் பட்டியலைத் தயாரித்துப் பெரிய பதாகையாக அச்சிட வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக ஒவ்வொரு ஞாயிறும் தர்மபுரியிலுள்ள என் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பாள்.

என்னை அழைத்ததில் வியப்பில்லை. எங்கள் பங்காளிகளில் முதன்முதலாகக் கல்லூரிப் படிப்பு முடித்தவன் நான். வருவாய்த் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். யார் யாருக்கு வாரிசு, யார் எந்த ஆண்டு மறைந்தார் என்று சான்றளித்தே வாழ்நாள் கழிந்தது. குடும்பத்தில் அப்படிப்பட்ட ஐயம் எழுந்தால் என்னிடம் கேட்பார்கள். நான் சொல்லிவிட்டால் பிறகு யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. அந்த மதிப்பை நான் எளிதாகச் சம்பாதிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி மகள் தகரப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய புகைப்படம் ஒன்றைப் பற்றிக் கேட்டாள்.

“பெரியப்பா, நீங்க இருக்கீங்க, அப்பா இருக்காரு. நடுவுல ரெட்ட ஜடை போட்டுட்டு ஒரு பொண்ணு நிக்குது. யாரு இது?”

என் மனைவி எதிரில் அமர்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தொலைபேசியின் ஒலிபெருக்கி திறந்திருந்தது.

“அது உன் அத்தை. கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே காய்ச்சல்ல தவறிட்டா” என்றேன்.

“ஐயோ… அப்பா சொன்னதே இல்லயே. பேரு என்ன பெரியப்பா?”

பெயரைச் சொன்னேன். மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெண் பார்க்க வந்த நாளில் அவள் வீட்டாரிடம் என் தந்தை சொன்னதும் இதே வாக்கியம்தான். நாற்பத்து நான்கு ஆண்டுகளாக அவளுக்கு அந்த நாத்தனார் காய்ச்சலில் இறந்தவள்.

நடந்தது இதுதான். என் தங்கை இருபதாவது வயதில், எங்கள் பக்கத்து ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்த ஒரு கம்பவுண்டரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் எந்தச் சாதி என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் சாதி அல்ல என்பதே அன்று போதுமானதாக இருந்தது. நான் சேலத்தில் கல்லூரி விடுதியிலிருந்து வந்து சேர்ந்தபோது தந்தை தலை முழுகிவிட்டு ஈரவேட்டியோடு வாசலில் நின்றிருந்தார். “எனக்கு ரெண்டே புள்ளைங்க” என்றார். அன்றிலிருந்து ஊரில் யாரும் அவள் பெயரை எடுத்ததில்லை. வெளியூர்ச் சம்பந்தம் பேச வந்தவர்களுக்கும், பின்னால் பிறந்த பிள்ளைகளுக்கும் காய்ச்சல் என்று சொல்லப்பட்டது. உண்மை தெரிந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அவள் இறந்தாள் என்று அரசுத் தாள் எதிலும் நான் ஒருநாளும் எழுதவில்லை. ஒருமுறை, நான் வட்டாட்சியராக இருந்த அலுவலகத்துக்கே தன் மகனின் கல்லூரிச் சேர்க்கைக்காக வருமானச் சான்றிதழ் கேட்டு வந்தாள். மனு மேசைக்கு வந்ததும் பெயரைப் பார்த்தேன். சரியான மனு, சரியான இணைப்புகள். கையெழுத்திட்டேன். சன்னலுக்கு வெளியே பலகையில் அவள் அமர்ந்திருந்ததை அறிந்தும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பொங்கல் நாள் காலை எட்டரை மணிக்கு நானும் மனைவியும் ஊர் போய்ச் சேர்ந்தோம். ஏறத்தாழ இருநூறு பேர் கூடியிருந்தார்கள். பதாகையின் முன் நின்று இளையவர்கள் தங்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

“பெரியப்பா, ஒரு சர்ப்ரைஸ். பூவாடைக்காரிக்கு இந்தத் தடவ மூணு சேலை எடுத்திருக்கேன். அத்தைக்கும் சேத்து. கன்னியாவே போயிட்டாங்கள்ல, இத்தன வருசமா ஒரு சேலை கூட யாரும் வெக்கலயே, பாவம்.”

எங்கள் வழக்கம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குடும்பத்தில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ மறைந்த பெண்களைப் பூவாடைக்காரி என்று வணங்குவோம். குலதெய்வப் பொங்கலுக்கு முன் கிணற்றடிக்குச் சென்று, முறத்தில் புதுச்சேலை, வளையல், மஞ்சள், பூ வைத்து, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி வந்து வாங்கிக்கொள்ளும்படி மூன்று முறை அழைக்க வேண்டும். அழைக்க வேண்டியவர் பங்காளிகளில் வயதில் மூத்த ஆண். அந்த ஆண்டு அது நான். முறத்தை ஏந்துபவள் அவர் மனைவி.

எங்கள் குடும்பத்தில் பிள்ளைப்பேற்றில் இறந்த கொள்ளுப்பாட்டி ஒருவர், பெரிய தாத்தாவின் மகளாகப் பிறந்து பன்னிரண்டு வயதில் இறந்த ஒருத்தி என்று இருவர் உண்டு. மூன்றாவது முறத்தில் இலைப்பச்சையில் அரக்குக் கரை போட்ட சேலை. தம்பி மகள் தன் சம்பளத்தில், தானே தேர்ந்தெடுத்து வாங்கியது.

பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் என் சிற்றப்பாவின் மனைவி அமர்ந்திருந்தார். எண்பத்தைந்து வயது. உண்மை தெரிந்தவர்களில் என்னையும் தம்பியையும் தவிர எஞ்சியவர் அவர் ஒருவரே. எழுதப் படிக்கத் தெரியாது. யாரோ ஒரு பிள்ளை அவருக்காகப் பதாகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். என் தங்கையின் பெயர் வந்தது. விளக்கு என்றான். அவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏண்டா பெரியவனே, அப்பிடியா எழுதியிருக்குது?”

“பேசாம இரு சின்னம்மா.”

“நான் என்னத்தப் பேசுனேன்? பேசாமதானே கெடக்குறேன் இத்தன வருசமா” என்று மறுபடியும் மெல்லத் தொடங்கினார். “நீ கூப்புடு. எப்பிடிக் கூப்புடறேன்னு ஒக்காந்து பாக்குறேன்.”

அப்போதுகூட நான் பெரிதாகக் கலங்கவில்லை. ஒரு பெயரை மூன்று முறை சொல்வது, அவ்வளவுதான் என்று எண்ணினேன். தம்பி வந்து என்னைக் கோயிலுக்குப் பின்புறம், அடுப்புகள் எரிந்த இடத்துக்கு அப்பால் அழைத்துச் சென்றபோதுதான் நிலைமை விளங்கியது.

“ண்ணா, அந்த ஃபிளக்ஸ காலையில கட்டும்போதுதான் நானே பாத்தேன். என்ன வேலைங்க இது?”

“சொன்னதுதானே. அப்பா காலத்துல இருந்து சொல்றதுதானே.”

“வாய்ல சொல்றது வேற. அவ பேருக்குச் சேலை எடுத்து வெச்சிருக்குது இந்தப் புள்ள.” அவன் குரலைத் தாழ்த்தினான். “அவ வர்றாண்ணா.”

“யாரு?”

“வேற யாரு? நான்தான் வரச் சொன்னேன். மாப்பிள்ள போயி ரெண்டு வருசமாவுது. ஒருக்கா அம்மனப் பாக்கணும்னு போன்ல கேட்டுட்டே இருந்தா. பதினோரு மணி பஸ் ஏறிடுவா.”

தம்பி ஆண்டுக்கணக்காக அவளோடு பேசி வந்திருக்கிறான் என்பது எனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. மணி ஒன்பதரை. பத்தரைக்குப் பூவாடைக்காரி அழைப்பு. பதினொன்றரைக்கு அவள் சாலையில் வந்து இறங்குவாள். இறந்தவளாக அழைக்கப்பட்ட ஒரு மணி நேரத்தில் அந்தப் பதாகைக்குக் கீழே நடந்து வருவாள்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் செய்தவற்றை மறைக்க விரும்பவில்லை. முதலில் பதாகையை அவிழ்க்கச் சொன்னேன். காற்றில் விழுந்தால் குழந்தைகளுக்கு அடிபடும் என்றேன். தம்பி மகள் பந்தல்காரரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு கயிறு போட்டுக் கட்ட வைத்தாள். பிறகு, மூன்றாவது சேலையை அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ளலாம், அம்மனிடம் முறைப்படி உத்தரவு கேட்காமல் வைக்கக் கூடாது என்று பம்பை மேளமடித்து அழைப்பை நடத்த வந்திருந்த பம்பைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை மரியாதையோடு பார்த்துவிட்டு, “பேரு சொல்லி எடுத்தாச்சுங்களே ஐயா. எடுத்துட்டு வெக்காம வுட்டா அது ஆவாதுங்க” என்றார்.

மூன்றாவதாக, தம்பியை மீண்டும் தனியே அழைத்தேன்.

“நீ பைக்க எடுத்துட்டு ரோட்டுக்குப் போயிடு. அவ இறங்கினதும் அப்படியே உன் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போ. சாயங்காலம் கூட்டம் கலைஞ்சதும் கோயிலுக்குக் கூட்டியா. அவளுக்கும் நெரிசல் இருக்காது.”

தம்பி தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டான்.

“போவ மாட்டேன்.”

“இருநூறு பேர் முன்னாடி குடும்ப மானம் போவும்டா.”

“குடும்ப மானமா, உன் மானமா? நீ சொன்ன பொய், நீயே சொல்லி முடி. என் பொண்ணு தலையில அது விடியக்கூடாது. உசுரோட இருக்கிறவளுக்குப் பூவாடைச் சேலை வெச்சவன்னு நாளைக்கு ஊர்ல அவளத்தான் பேசுவாங்க, தாசில்தாரப் பேச மாட்டாங்க.”

அறுபத்தைந்து ஆண்டுகளில் தம்பி என்னை நீ என்று சொன்னது அதுவே முதல் முறை. கண்டிக்க வாயெடுத்தேன். அவன் அதற்குள் அடுப்புப் பக்கம் போய்விட்டான்.

பத்தரை மணிக்குப் பம்பை முழங்கியது. ஊர்வலமாகக் கிணற்றடிக்குப் போனோம். பம்பு செட்டுத் தொட்டிக்கு அருகில் சாணம் மெழுகிக் கோலமிட்டிருந்தார்கள். மூன்று முறங்கள், மூன்று தேங்காய்கள். என் மனைவி பட்டுச்சேலை உடுத்தி, முதல் முறத்தை ஏந்தி எனக்கு இடப்புறம் நின்றாள். பெண்கள் முன்வரிசையிலும் ஆண்கள் பின்னாலும் நின்றார்கள். தம்பி மகள் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னம்மாவை நாற்காலியோடு தூக்கி வந்து முன்னால் வைத்திருந்தார்கள்.

கொள்ளுப்பாட்டியின் பெயரைச் சொல்லி மூன்று முறை அழைத்தேன். ஒவ்வொரு அழைப்புக்கும் பம்பை நின்று, மறுபடியும் முழங்கியது. தேங்காய் உடைந்தது. பன்னிரண்டு வயதில் மறைந்தவளையும் அழைத்தேன். பெண்கள் குலவையிட்டார்கள். மனைவி இரண்டாவது முறத்தை இறக்கி வைத்துவிட்டு, பச்சைச் சேலை இருந்த மூன்றாவது முறத்தை எடுத்தாள்.

“பாவம், என் கண்ணால பாக்காத நாத்துனா” என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது. கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

பம்பை நின்றது. என் குரலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். தங்கையின் பெயரின் முதலெழுத்து நாக்கு வரை வந்தது. சொல்லிவிட்டிருந்தால் முடிந்திருக்கும். ஒரு மணி நேரம் கழித்து நடப்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். அவளே கூட்டத்தைக் கண்டு தயங்கித் திரும்பிப் போகக்கூடும் என்றுகூட என் மனம் கணக்குப் போட்டது. ஆனால் நான் அழைக்க வேண்டிய திசையில் கிணறு இருந்தது. வந்து வாங்கிக்கொள் என்று செத்தவளைக் கூப்பிடுவதுபோல் அவளைக் கூப்பிட வேண்டும். கோப்பில் கையெழுத்திட்டுவிட்டு நிமிராமல் இருந்ததைப் போல் இதைச் செய்ய முடியவில்லை.

“ஐயா, பேரு” என்றார் பம்பைக்காரர்.

“மூணாவது பேர நான் கூப்புட முடியாது.”

“தொண்ட கட்டிக்கிச்சுங்களா? தண்ணி குடுங்கப்பா ஐயாவுக்கு.”

“தண்ணி வேணாம். அவ உசுரோட இருக்கா. அரூருல இருக்கா. செத்துட்டான்னு சொன்னது நான்தான். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, நான் சொன்னத நம்பி எழுதுனா.”

பொதுக்கூட்டங்களிலும் விசாரணைகளிலும் பேசிப் பழகிய குரல்தான். நடுங்கவில்லை என்றே நினைக்கிறேன். பின்வரிசையில் ஓர் இளைஞன், “அப்ப ஒரு தேங்கா மிச்சம்” என்றான். யாரோ அவன் முதுகில் அடித்தது கேட்டது. சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு என்னை நோக்கியது என்பதை அறிந்து நின்றேன்.

தம்பி மகள் கைப்பேசியைக் கீழே இறக்கினாள்.

“பெரியப்பா… நான் உங்ககிட்ட ரெண்டு தடவ கன்ஃபார்ம் பண்ணேனே.”

“பண்ணே.”

“ரெண்டு தடவையும் சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

என் மனைவி மூன்றாவது முறத்தைத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். சேலையின் மேலிருந்த பூ கீழே விழுந்தது. அதை எடுத்து மீண்டும் சேலையின் மேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு தனியாகப் பந்தலை நோக்கி நடந்தாள். நாற்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு விசேஷத்தில் என் பக்கத்திலிருந்து அவள் அப்படி அகன்றதில்லை.

அடுத்துச் சின்னம்மாதான் வாயைத் திறந்தார். “பேரு சொல்லி எடுத்த சேலைய ஆரும் உடுத்தக்கூடாது. அம்மன் மேல சாத்திடுங்க. ஏண்டா பம்பக்காரா, என்னாத்தப் பாக்குற, அடி.”

பம்பை முழங்கிற்று. கூட்டம் கோயிலுக்குத் திரும்பியது. வழியில் யாரும் என்னோடு சேர்ந்து நடக்கவில்லை. காலையில் வரிசையாக வந்து காலைத் தொட்டவர்கள் சற்று முன்னாலோ பின்னாலோ நடந்தார்கள்.

பதினொன்று நாற்பதுக்கு அவள் வந்தாள். குடை பிடித்து, ஒயர் கூடையோடு, மூக்குக்கண்ணாடி அணிந்து, நிதானமாக. தம்பியும் அவன் மகளும் சாலைக்கே போய் அழைத்து வந்தார்கள். நடந்ததை வழியில் சொல்லியிருப்பார்கள். பதாகையின் முன் வந்ததும் அவளாகவே நின்றாள். தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலிருந்து கீழாகப் படித்தாள். பிறகு தம்பி மகளிடம் கேட்டாள்.

“வெளக்கு நல்லா இருக்குது. எனக்கு மட்டுமா, எல்லாருக்கும் இப்பிடித்தானா?”

“சாரி அத்தை…” பெண் அழுதுவிட்டாள்.

“நீ எதுக்குடி அழுவற? உனக்குச் சொன்னத எழுதுன.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்து அவளருகே சென்றேன். எங்களைச் சுற்றித் தானாகவே ஒரு வட்டம் உருவாயிற்று. அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“அண்ணா, நான் எதுல போயிட்டேன்னு சொன்னே?”

“காய்ச்சல்ல.”

“காய்ச்சலா…” அவள் யோசித்தாள். “அந்த வருசம் எனக்கு நெசமாவே வந்துச்சு. டைபாய்டு. இருபது நாள் கண்ணத் தெறக்கல. அவருதான் பக்கத்துலயே ஒக்காந்து ஊசி போட்டு எழுப்பி உட்டாரு. நீ சொன்னது ஒண்ணும் முழுப் பொய்யில்ல போ.”

“தப்புதான்” என்றேன். நான் நன்றாகப் பேசக்கூடியவன் என்று பெயரெடுத்தவன்.

“சரி” என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. “சாமி கும்புட்டுட்டு மூணு மணி பஸ்ஸுக்குப் போவணும். மருமவளுக்கு டூட்டி, பேத்தியப் பாக்க ஆளில்ல.”

அவள் அம்மன் முன் நின்றதையும், அழுததையும் நான் தொலைவிலிருந்தே பார்த்தேன். பந்தியில் என் மனைவி தனக்குப் பக்கத்து இலையைக் கைவைத்துப் பிடித்திருந்து அவளை அழைத்து அமர்த்தினாள். இருவரும் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். ஒருமுறை இருவரும் சிரித்தார்கள். ஆண்கள் பந்தியில் எனக்கு இருபுறமும் சற்று இடம் விட்டே அமர்ந்திருந்தார்கள். பரிமாறிய இளைஞன் மட்டும், “பெரியப்பா, களி இன்னொரு உருண்டை?” என்றான். போதும் என்று கையைக் காட்டினேன்.

நாங்கள் புறப்பட நான்கு மணியாயிற்று. வாடகைக் காரில் என் மனைவி பின்னிருக்கையின் மறுகோடியில் சன்னலோரம் அமர்ந்தாள். அரூரைத் தாண்டினோம். மொரப்பூரில் ஓட்டுநர் தேநீர் குடிக்க இறங்கினார். அவர் கடைக்குள் போகும் வரை பார்த்திருந்துவிட்டு, முகத்தைத் திருப்பாமலே அவள் கேட்டாள்.

“ஏங்க, உங்க வூட்டுல செத்துட்டாங்கன்னு நீங்க எங்கிட்டச் சொன்ன ஆளுங்கள்ல இன்னும் ஆராச்சும் உசுரோட இருக்காங்களா?”

“இல்லை” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். ஓட்டுநர் திரும்பி வந்து கதவைத் திறக்கும் வரை என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.